எவன் பேருக்கு பூசை?

ஏல யஹ்யா,

சுகமா இருக்கியா, வீட்ல எல்லாரும் சுகமா? முட்டி ஆபரேஷன் முடிஞ்சு கம்பு இல்லாம பள்ளிவாசல் வரைக்கும் நடக்கறன்னு உன் தம்பிய பஜார்ல பாத்தப்போ சொன்னான், சந்தோஷம். போன்ல பேசலாம்னா நீ ரெண்டாவது நிமிஷமே "சரி வைக்கேன்"னு வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், கண்ணாடிய போட்டுட்டு மெதுவா படி, அவசரம் ஒண்ணும் இல்ல.

மகளுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. அவ வேல்ஸ்ல கார்டிஃப்ல நர்ஸா இருக்கான்னு உனக்குத் தெரியும்ல, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. வீடியோ கால்ல காட்டினா, மூக்கு அப்படியே எங்க அப்பா மூக்கு. சரி, பேர் என்னம்மா வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். "எவன்"ப்பா அப்படின்னா.

எனக்கு காது சரியா கேக்கலன்னு நெனச்சு மறுபடி கேட்டேன். எவன்தானாம். அங்க ரொம்ப சாதாரணமான பேராம், ஸ்கூல்ல எல்லாருக்கும் கூப்பிட வருமாம், ஸ்பெல்லிங் சொல்லிச் சொல்லி நாக்கு வறளாதாம். என் மனசுல என்ன ஓடிச்சுன்னா, இவன் ஊருக்கு வந்து தெருவுல போவும்போது பாட்டி வாசல்ல நின்னு "எவன்! ஏ எவன்!"னு கத்தினா தெருவே திரும்பிப் பாக்கும், யாரு எவன வையுதான்னு. அதுவும் போக எங்கள்ல மூத்த பேரனுக்கு தாத்தா பேர்தான் வைக்கிறது, பேரன்னாலே பேரைக் கொண்டவன்தானே. அருளப்பன்னு முழுசா வேண்டாம், அருள்னு ஒரு ஓரத்துலயாவது ஒட்டியிருக்கலாம்ல. நான் ஒண்ணும் சொல்லல, நெட்வொர்க் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன். ரெண்டு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருந்தேன்னு வீட்ல சொல்றாவ.

இதுக்கு நடுவுல பிள்ளை பேர்ல பூசை வைக்கணும்னு வேதக் கோயிலுக்குப் போனேன். ஃபாதர் சாமி நோட்ட எடுத்து "யார் பேருக்கு?"ன்னார். "எவன் பேருக்கு சாமி". "அதத்தான் நானும் கேக்கேன், எவன் பேருக்கு?" "ஆமா சாமி, எவன் பேருக்குத்தான்". அவர் என்னைய ஒரு மாதிரி பாத்தார் பாரு, காலைலயே போட்டுட்டு வந்துட்டான்னு நெனச்சிருப்பார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்படி என்னதான் அர்த்தம் இந்தப் பேருக்குன்னு போன்ல தேட ஆரம்பிச்சேன், விடியக்காலம் மூணு மணி வரைக்கும் ஓடிச்சு. லே, எவன்னா ஜான். ஜான்னா யோவான். யோவான்னா அருளப்பன். என் பேர்தான்ல அது!

விஷயம் இதுதான். எபிரேயத்துல யோஹனான்னு பேர். யோ-ன்னா கடவுள், ஹனன்னா அருள் செஞ்சார். எங்க அம்மா அன்னம்மாவுக்கும் இதே வேர்தான், ஹன்னா, அன்னா, எல்லாம் அருள்தான், அதாவது எங்க வீட்ல தாயும் பிள்ளையும் ஒரே சொல்லு, அது தெரியாமலே அம்மா செத்துப் போயிட்டாங்க. யோஹனான் கிரேக்கத்துக்குப் போனப்போ அவங்க எழுத்துல நடுவுல ஹ போட வழியில்ல, யோவான்னெஸ் ஆகிட்டு. லத்தீன்காரன் அந்த ஹ-வ எடுத்து திரும்ப செருகினான். இங்கிலீஷ்காரன் இன்னிக்கு வரைக்கும் ஜான்ல அந்த எழுத்த எழுதுறான், வாயில சொல்றது மட்டும் இல்ல.

இதுல எனக்கு வந்த கோவம் என்னன்னா, நான் முப்பத்தொரு வருஷம் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல க்ரூ லிஸ்ட் பாத்தவன். ரஷ்யாக்காரன் இவான், கிரேக்கக் கேப்டன் யான்னிஸ், பிலிப்பைன்ஸ் பையன் ஹுவான், போலந்துக்காரன் யான், ஜெர்மன் எஞ்சினியர் ஹான்ஸ், இத்தாலி சமையக்காரன் ஜொவான்னி, அயர்லாந்துக்காரன் ஷான். அத்தனையும் என் பேரு. தெனம் என் பேருக்கே சீல் குத்திக் குத்தி அனுப்பியிருக்கேன், ஒருத்தனையாவது "வாங்க சகலை"ன்னு கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கலாம்.

வேல்ஸ் கதை இன்னும் ருசி. அவங்க பாஷைல பழைய காலத்துல ஜ எழுத்தே கிடையாது. யோவான் அங்க போய் இயேவான், இவான், எவன்னு உருண்டிருக்கான். இதுல கூத்து என்னன்னா அந்த ஊர்ல அதிகமா இருக்கிற குடும்பப் பேர் ஜோன்ஸ், அதுவும் ஜான்ல இருந்து வந்ததுதான், ஜ இல்லாத பாஷைக்காரன் தலைல ஜ-வோட பேரு. அவங்க பழைய வழக்கத்துல அப்பன் பேருக்கு முன்னால அப்-னு போடுவாங்களாம், இன்னாரு மகன்னு அர்த்தம். அப் எவன்தான் ஒட்டிப் போயி பெவன் ஆயிருக்கு. 1948ல பிரிட்டன்ல எல்லாருக்கும் இலவச வைத்தியம்னு என்ஹெச்எஸ் ஆரம்பிச்ச மந்திரி அனூரின் பெவன், வேல்ஸ்காரர். எவன் மகன் ஆரம்பிச்சதுல என் மக வேலை பாக்கா, எவனப் பெத்திருக்கா.

இப்போ நம்ம பக்கம் வா. ஐரோப்பால எல்லாவனும் சத்தத்தத் தூக்கிட்டுப் போனான், ஊருக்கு ஊர் அது தேஞ்சு தேஞ்சு அடையாளம் தெரியாமப் போச்சு. நம்ம ஊர்லதான் அந்தக் காலத்து சாமிமார் பேரோட அர்த்தத்த தமிழாக்கிட்டாங்க. யோவான் அருளப்பர். பால்னா லத்தீன்ல சின்னவன், அதனால சின்னப்பர் (நம்ம கூட படிச்ச சின்னப்பன் ஆறடி, ஞாபகம் இருக்கா). அந்திரேயான்னா ஆண்மை, வீரம், அதனால பெலவேந்திரர். லாசர்னா கடவுள் உதவினார், நீலகண்ட பிள்ளை 1745ல ஞானஸ்நானம் வாங்கும்போது அதான் தேவசகாயம் ஆச்சு, அவரத்தான் 2022ல புனிதர்னு ரோம்ல அறிவிச்சாங்க. போர்ச்சுகல்ல இருந்து வந்த ஜான் டி பிரிட்டோ அருளானந்தர் ஆனார், 1693ல ஓரியூர்ல தலைய வெட்டினாங்களே அவர்தான். வீரமாமுனிவர் மொதல்ல வச்சுக்கிட்ட பேர் தைரியநாதர், கான்ஸ்டன்டைன்ங்கிற அவர் பேரோட தமிழ் அது. எல்லாத்தயும் இப்படிப் பண்ணலதான், சூசை, சந்தியாகு, சவரிமுத்து எல்லாம் வெறும் சத்தம் வந்து ஒட்டிக்கிட்டது. சவேரியார்ங்கிற பேருக்கு அவங்க ஊர் பாஸ்க் பாஷைல புது வீடுன்னு அர்த்தம், பாத்தா நம்ம சவரிமுத்து புதுவீட்டு முத்து. வாடகை வீட்லயே காலத்த ஓட்டினான் பாவி.

ஒரு வருத்தம். 1995ல புது பைபிள் மொழிபெயர்ப்பு வந்தப்போ அருளப்பர எடுத்துட்டு யோவான்னு போட்டுட்டாங்க. எல்லா சபைக்காரங்களும் சேந்து செஞ்சது, ஒரே பேரா இருக்கட்டும்னு, காரணம் நியாயம்தான். ஆனா சின்னப் பிள்ளைல பூசைல "அருளப்பர் எழுதிய"ன்னு வாசிக்கும்போது முதுக நிமுத்தி உக்காருவேன்ல, அது போச்சு.

இப்போ உன் கதைக்கு வாறேன், எழுத ஆரம்பிச்சதே இதுக்குத்தான். நீயும் நானும் ஒரே பேர்ல. ஜகரிய்யா நபி மகன் யஹ்யான்னு நீங்க சொல்றதும், சக்கரியா மகன் அருளப்பர்னு (ஏசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்தவர், சுவிசேஷம் எழுதினவர் வேற) நாங்க சொல்றதும் ஒரே ஆள். ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சுல உக்காந்தோம், ஒரு வாத்தியாரும் சொல்லல. ஆனா அர்த்தம் மட்டும் ஒண்ணு இல்ல, அரபில யஹ்யான்னா வாழ்கிறான்னு வருதாம், ஹயாத்னு சொல்றீங்கல்ல அந்த வேர். அரபு பேசுற கிறிஸ்தவங்க யூஹன்னான்னு சொல்றாங்க, நீங்க யஹ்யா. ஆள் ஒருத்தர், உனக்கு உயிரு எனக்கு அருளு. டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலுக்குள்ள அவர் தலை இருக்கிறதா ஒரு சமாதி இருக்கு, அதே இடத்துல முன்னால அவர் பேர்ல கோயில் இருந்திருக்கு. 2001ல அங்க போன போப்பாண்டவர்தான் பள்ளிவாசலுக்குள்ள நுழைஞ்ச மொத போப். அவர் பேர் என்ன? ஜான் பால்! அருளப்பர் சின்னப்பர், ரெண்டும் சேத்து.

கடேசியா ஒண்ணு, இதப் படிச்சதும்தான் எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. பைபிள்ல அந்தப் பிள்ளைக்கு பேர் வைக்கிற அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாம் கூடி அப்பன் பேரத்தான் வைக்கணும்னு நிக்காங்க. எலிசபெத் யோவான்னு சொல்றா. உங்க சொந்தத்துல யாருக்கும் இந்தப் பேர் இல்லையேன்னு சண்டை. சக்கரியாவுக்கு அப்போ வாய் பேச வராது, பலகை கேட்டு வாங்கி இவன் பேர் யோவான்னு எழுதினப்புறம்தான் அடங்குறாங்க. உங்க குர்ஆன்லயும் மர்யம் சூராவுல இதுக்கு முன்னால யாருக்கும் இந்தப் பேர வச்சதில்லன்னு வருதாமே, சரியான்னு நீ பாத்துச் சொல்லு. ஆக இந்தப் பேருக்கு மொதல்ல வந்த சண்டையே குடும்பத்துல இல்லாத பேர ஏன் வச்சீங்கங்கிறதுதான். அதே பேருக்காரன் நான் ரெண்டு வாரம் அதே சண்டைய போட்டிருக்கேன்.

காலைலயே மகளுக்கு போன் போட்டு எல்லாத்தயும் சொன்னேன், யோஹனான்ல ஆரம்பிச்சு பெவன் வரைக்கும். அவ அழுவா, "உங்க பேருன்னு தெரிஞ்சுதான் வச்சோம்ப்பா"ன்னு சொல்லுவான்னு நெனச்சேன். "அப்படியாப்பா, நல்லதாப் போச்சு, பிள்ளை முழிச்சிட்டான், அப்புறம் பேசுறேன்"னு வச்சிட்டா. மருமகன் மட்டும் ஒரு கட்டவிரல அனுப்பினார்.

டிசம்பர்ல கூட்டிட்டு வாறாங்க. அப்போ நீ வரணும், வரும்போது உங்க வீட்டு களறிச் சாப்பாடு ஒரு தூக்குச்சட்டில கொண்டா, நான் மக்ரூன் வாங்கி வைக்கேன். அதுக்கு முன்னால, உன் வாப்பாதான் இப்போ உயிரோட இல்லையே, உங்க பெரியம்மாகிட்ட கேட்டு எழுது, உனக்கு யஹ்யான்னு வச்சது யாரு, அன்னிக்கு உங்க வீட்லயும் சண்டை ஏதும் வந்துச்சா?

அருளப்பன்