ஓரமாக நிற்கும் பயிற்சி விமானம்

ஆசிரியருக்கு,

விமான அருங்காட்சியகங்களில் போர் விமானங்களைச் சுற்றியே கூட்டம் மொய்க்க, அமெரிக்கக் கடற்படையின் டி-2 பக்கை பயிற்சி ஜெட் பெரும்பாலும் ஓரமாகவே நிற்கிறது. 1958இல் முதன்முதலாகப் பறந்து, 2008 வரை மாணவர்களைப் பழக்கிய இந்த விமானத்தில்தான் பல தலைமுறை விமானிகள், கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை வால் கொக்கியால் பற்றி இறங்கும் வித்தையை முதலில் கற்றனர். மாணவரின் தலைக்கு மேலாகப் பயிற்றுநர் முன்னே பார்க்க வேண்டுமென்பதால், பின்னிருக்கை சற்று உயர்ந்திருக்கும். தொடக்கத்தில் ஒற்றை எஞ்சின், பிறகு இரண்டு. கடலுக்கு மேல் பறப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல. விளக்கப் பலகையோ நீளம், வேகம் என்பதோடு முடிந்துவிடுகிறது. கொக்கியை இறக்கி, அருகே ஒரு கம்பித் துண்டையும் கிடத்தி வைத்தால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்