‘ஆசைப்பட்டு’ என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் தொற்றுநோய்களைப் பற்றி வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹெனான் பற்றிய பத்தி வரும் வரை. “சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஏழை விவசாயிகள் பணத்துக்கு ஆசைப்பட்டு இரத்தத்தை விற்றதால் எய்ட்ஸ் பரவியது; பின்னர் ஒரு சமூக ஆர்வலர் இதை வெளிக்கொண்டு வந்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பெரிய விஷயத்துக்கு இந்த ஒரே வாக்கியம். அதிலும் ‘ஆசைப்பட்டு’ என்ற சொல்லைத் தாண்டி எனக்கு மேலே படிக்க முடியவில்லை.

நான் இருபத்தாறு வருஷம் இரத்த வங்கி லேப் டெக்னீஷியனாக இருந்தவள். முதல் சில வருஷங்கள் ஒரு தனியார் இரத்த வங்கியில். பெயரும் ஊரும் வேண்டாம். காசு கொடுத்து இரத்தம் வாங்கிய காலம் அது. உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அது நின்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு முன்னால் விடிகாலையிலேயே வாசல் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரிக்‌ஷா ஓட்டுபவர், மூட்டை தூக்குபவர், மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்கிற அப்பா.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மயில்துத்தக் கரைசலில் விடுவோம். சொட்டு மூழ்கினால் இரத்தம் எடுக்கலாம். மிதந்தால் உடம்பில் சத்து போதாது, திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் அடிக்கடி வருவார், ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்லுவார். முழங்கை மடிப்பில் ஊசி ஏறி ஏறித் தோல் காய்த்துப்போய்ப் பள்ளம் விழுந்திருக்கும். ஒருநாள் அவருடைய சொட்டு அந்த நீலத் தண்ணீரில் பாதி தூரம் இறங்கி, நின்று, மெதுவாக மேலே வந்துவிட்டது. “இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்கம்மா, இது சரியா விழல” என்றார். அதுவும் மிதந்தது. அடுத்த விரலை நீட்டினார். அந்த விரலைப் பிடித்தவள் நான். அவரைப் பார்த்து ஆசைப்பட்டார் என்று என்னால் சொல்ல முடியாது ஐயா.

சரி, ஹெனானுக்கு வருகிறேன். இரத்தம் கொடுப்பதால் கொடுப்பவருக்கு எய்ட்ஸ் வராது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறோம். அப்படியிருக்க, விற்றதால் பரவியது என்று எப்படி எழுதினீர்கள்? அங்கே வாங்க வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும்தான், ஆல்புமின் போன்ற மருந்துகள் செய்வதற்கு. 1990-களின் முற்பகுதியில் மாகாண அதிகாரிகளே இதைக் கிராமத்து ஜனங்கள் பிழைக்க ஒரு வழி என்று சொல்லி ஊக்குவித்தார்கள். ஒரே குரூப்பைச் சேர்ந்த பல பேருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து மெஷினில் சுற்றுவார்கள். மேலே நிற்கிற மஞ்சள் பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, அடியில் தங்கின சிவப்பணுக்களைப் பங்கு போட்டு அந்தப் பல பேருக்கும் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அதில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் போதும், எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஏன் திரும்ப ஏற்றினார்கள்? சோகை பிடிக்காமல் இருந்தால்தானே சீக்கிரம் மறுபடி வந்து விற்பார்கள். எங்கள் பெஞ்சில் இருந்தவருக்கு அந்த மிதக்கிற சொட்டாவது ஒரு தடை போட்டது. ஹெனானில் அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள். ஷாங்சாய் வட்டாரத்து வென்லோ போன்ற ஊர்களை எய்ட்ஸ் கிராமம் என்றே பிற்பாடு அழைத்தார்கள். இதில் விவசாயியின் ஆசை எங்கே வருகிறது?

அடுத்து அந்த ‘சமூக ஆர்வலர்’. அவர் டாக்டர் காவோ யாவோஜியே. ஹெனானில் இருக்கும் ஜெங்ஜோ நகரத்து மகப்பேறு மருத்துவர், பெண்களுக்கு வரும் புற்றுநோயில் நிபுணர். சின்ன வயதில் பாதத்தைக் கட்டி வளைத்ததால் நடப்பதே சிரமம். 1996 ஏப்ரலில், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நோயாளியைப் பார்க்க அழைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து காய்ச்சல் விடாத பெண். எச்.ஐ.வி. சோதனை செய்யச் சொன்னது காவோதான். நோய் வந்தது ஏற்றிய இரத்தத்திலிருந்து. அந்தப் பெண் பிழைக்கவில்லை. இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் என்றால் இவர் ஒருத்தியோடு நிற்காது என்று காவோ அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் இரத்த வங்கியில் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கணக்கு புரியும்.

அப்போது அவருக்கு 68 வயது. சொந்தக் காசில் துண்டுப் பிரசுரம் அச்சடித்து, கிராமம் கிராமமாகப் போய், அனாதைப் பிள்ளைகளுக்குத் துணியும் பணமும் கொடுத்தார். அதிகாரிகள் தடுத்தார்கள். 2003-இல் மகசேசே விருது, நம் அடையாறு டாக்டர் சாந்தா 2005-இல் வாங்கிய அதே விருது. அதை வாங்கக்கூட அவரை வெளியே விடவில்லை. 2007-இல் வீட்டுக் காவல். 2009-இல், 81 வயதில், பிறந்த நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. அவருக்கு முன்பே, பிளாஸ்மா நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர் வாங் ஷுபிங் சோதனை செய்து, கிருமி இருப்பதை மேலிடத்துக்கு எழுதினார். வேலையை இழந்தார். அவர் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லவே இல்லை.

இது முதல் தடவை என்றால் பொறுத்திருப்பேன். 2020-இல், கொரோனாவைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த வூஹான் மருத்துவர் லி வென்லியாங் இறந்தபோது, சீனாவில் ஒரு மருத்துவர் இப்படி எச்சரித்தது முன்னெப்போதும் நடக்காதது என்று எழுதினீர்கள். சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவிய காலத்து டாக்டர் ஜியாங் யான்யோங்கை நினைவுபடுத்தி அன்றே கடிதம் போட்டேன். பெய்ஜிங்கில் 12 பேருக்குத்தான் நோய், 3 பேர்தான் இறந்தார்கள் என்று 2003 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் சொன்னபோது, ஒரே ஒரு ராணுவ மருத்துவமனையில் 60 நோயாளிகள், 7 சாவு என்று பெயரைப் போட்டு எழுதியவர் அவர். அதே மாதம் 20-ஆம் தேதி அமைச்சரும் மேயரும் பதவி இழந்தார்கள். என் கடிதம் வரவில்லை. ஜியாங் 2023 மார்ச்சில் இறந்தார், காவோ அதே வருஷம் டிசம்பரில். இரண்டுக்கும் உங்கள் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. வருஷா வருஷம் ஜூன் 14-க்கு இரத்த தானச் சிறப்புப் பக்கம் போடுகிறீர்கள், நம் ஊரிலேயே இரத்தம் விலைக்குப் போன காலத்தைப் பற்றி அதிலும் எதுவும் இருப்பதில்லை. முப்பது வருஷ சந்தாதாரர் கேட்கிறேன், ஏன் ஐயா?

இவ்வளவு சூடாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தத் தனியார் இரத்த வங்கியில் ஒருநாள் வந்த ஆளுக்குக் கண் மஞ்சளாக இருந்தது. வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். “பாட்டில் குறையுது, எடு. வெளியே பேசாதே” என்றார். எடுத்தேன். வெளியே பேசவும் இல்லை. கைக்குழந்தை, வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, அந்தச் சம்பளம் போனால் அடுப்பு எரியாது. அந்தப் பாட்டில் யாருக்கு ஏறியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு முதலாளிக்கு நான் பயந்தேன். காவோ அம்மா வாசலில் போலீஸ் காவல் இருந்தபோதும் பேசினார். அவரை நீங்கள் பெயரில்லாமல் ஒரு ஓரத்தில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது இரண்டு வரி. ‘ஆசைப்பட்டு’ என்ற சொல் தவறு என்று ஒரு வரி. ‘சமூக ஆர்வலர்’ என்று குறிப்பிட்டவர் டாக்டர் காவோ யாவோஜியே என்று இன்னொரு வரி. அடுத்த இதழில் இடம் குறைவு என்றால் என் கடிதத்தைப் போட வேண்டாம், அந்த இரண்டு வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரத்த வங்கி ஊழியர், உங்கள் வாசகி
கும்பகோணம்