மூன்று டாலர் வேறு, நீர்நாய்க்குக் கொடுப்பது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வருமான வரிக் கட்டுரை நன்றாகவே இருந்தது, இங்கே புதிதாக வந்தவர்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு பிசகு. கலிபோர்னியா மாநில வரிப் படிவத்தில் நன்கொடைப் பகுதி என்று ஒன்று வரும், தாராளமாகக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். போகும். நீங்கள் பத்து டாலர் என்று எழுதினால் ரீஃபண்டில் பத்து டாலர் குறையும், கட்டவேண்டிய பாக்கி இருந்தால் பத்து டாலர் கூடும், அவ்வளவுதான் கணக்கு.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. மத்திய அரசுக்குப் போடும் ஃபெடரல் 1040 வரிப் படிவத்தின் மேலே, ஜனாதிபதித் தேர்தல் நிதிக்கு மூன்று டாலர் போகட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்தாலும் செய்யாவிட்டாலும் நம் வரியில் ஒரு காசு மாறாது. ஏற்கனவே கட்டிய வரியிலிருந்து அரசாங்கம் அதை ஒதுக்குகிறது. மாநிலப் படிவத்தில் இருப்பது அந்த ரகம் இல்லை, அது நம் சொந்தக் காசு. அதுவும் ஒருமுறை கொடுத்துவிட்டால் பின்னால் திருத்திய படிவம் போட்டு மாற்றிக்கொள்ள முடியாது. அடுத்த வருட ஃபெடரல் கணக்கில் நன்கொடையாகக் கழிக்கலாம், ஆனால் 2025-ம் வருடக் கணக்கு வரை பெரும்பாலும் அது வரிக் கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் காட்டுகிறவர்களுக்குத்தான் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் பட்டியல் போடாமலே கிடைக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோடு முடித்துக்கொள்கிறவர்கள்தானே.

டெக்ஸஸ், ஃப்ளோரிடா வாசகர்களுக்கு மாநில வருமான வரியே இல்லை, அதனால் இந்தப் பக்கமும் இல்லை. நீங்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போகலாம்.

எனக்கு இது தெரிந்ததே தாமதமாகத்தான். எட்டு வருடம் எங்களுக்கு வரிக்கணக்கு போட்டுக் கொடுத்தவர் ஒருநாளும் இப்படி ஒரு பகுதி இருப்பதாகச் சொன்னதில்லை, எல்லாவற்றையும் பூஜ்யமாக விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார். பிறகு நானே சாஃப்ட்வேரில் போட ஆரம்பித்தபோதுதான் பட்டியலைப் பார்த்தேன். அல்சைமர் நோய், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி, வீடில்லாத குழந்தைகளுக்குப் பள்ளிப் பொருட்கள், பசித்த குடும்பங்களுக்கு அவசர உணவு, நடுவில் கடல் நீர்நாய். சிரித்துவிட்டேன். காவேரியில் நீர்நாய் பார்த்து வளர்ந்தவள் நான், அதற்கு வரிப் படிவத்தில் ஒரு வரி கொடுப்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் விஷயம் சிரிப்பில்லை. ரோமத்துக்காக வேட்டையாடியே இந்தக் கரையில் அவற்றைத் தீர்த்துவிட்டார்கள், 1938-ல் கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரைப் பக்கம் ஐம்பது சொச்சம் மிச்சம் இருப்பது வெளியே தெரிந்தது. இன்றைக்குச் சுமார் மூவாயிரம். இவற்றைக் கொல்லும் நோய்களில் ஒன்று பூனை மலத்திலிருந்து மழைநீரோடு கடலுக்குப் போகும் ஒரு கிருமியால் வருவது. 2006-ல் நீர்நாய் நிதியை ஏற்படுத்திய அதே சட்டம்தான், வீட்டுப் பூனை மலம் கழிக்கும் மண்ணைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள் என்று அந்த மண் பாக்கெட்டிலேயே அச்சிடச் சொன்னது. அந்த நிதி மீன்வள வனவிலங்குத் துறைக்கும் கடற்கரைப் பாதுகாப்பு அமைப்புக்கும் பிரிந்து போகிறது, செத்து ஒதுங்குகிற நீர்நாய்கள் எதனால் செத்தன என்று பார்ப்பதற்கும் அதில்தான் பணம்.

வரிப் படிவத்திலேயே நன்கொடை கேட்கும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது 1977-ல் கொலராடோ மாநிலம். வேட்டையாடப்படுகிற மானுக்கும் வாத்துக்கும் வேட்டை லைசென்ஸ் பணம் வந்துவிடும், யாரும் சுடாத பறவைக்கு யார் கொடுப்பார்கள்? அதற்காக வந்த யோசனை இது. அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் பரவி எங்கெங்கேயோ போனது. விஸ்கான்சினில் ஒரு காலத்தில் பேக்கர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்டேடியத்துக்கே வரிப் படிவத்தில் ஒரு வரி இருந்தது!

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. கலிபோர்னியாவில் பெரும்பாலான நிதிகள் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் திரட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் படிவத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். அழகான முகம் உள்ள நீர்நாய் பிழைத்துக்கொள்ளும், முகமில்லாத காரியங்கள் என்ன செய்யும்? இன்னொன்று, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பரிசோதிக்காமல் தேங்கிக் கிடக்கும் தடயப் பெட்டிகளுக்கும் ஒரு நிதியைப் பட்டியலில் பார்த்தேன். அது அரசாங்கம் வரிப்பணத்தில் செய்யவேண்டிய வேலை இல்லையா, அதற்கும் கையேந்துவார்களா என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டுக்கொண்டே அதற்கும் ஐந்து டாலர் போட்டேன் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்காரர், நேராக ஒரு தொண்டு நிறுவனத்துக்கே அனுப்பிவிடலாமே, நடுவில் வரித்துறை எதற்கு என்கிறார். தப்பில்லை. வரித்துறை தன் நிர்வாகச் செலவையும் அந்த நிதியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் அனுப்பலாம் அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டே டிசம்பர் போய்விடுகிற எங்கள் வீட்டில், ரீஃபண்ட் வருகிற சந்தோஷத்தில் ஒரு டாலராவது எழுதுவது சுலபமாக இருக்கிறது. முழு டாலராக இருந்தால் போதும், ஒரு டாலர்கூட வாங்கிக்கொள்வார்கள்.

ஆக, தயவுசெய்து அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் வருகிற பிப்ரவரி இதழில் அந்த வருடத்துப் பட்டியலையும் தமிழில் வெளியிடுங்கள், அது அடிக்கடி மாறும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பக்கத்து வீட்டில் மூன்று இருக்கின்றன, அந்த அம்மாவிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஒரு வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா