விரிவுரை வீடியோவை எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர், பீடாதிபதி அவர்களுக்கு,

இந்த அரையாண்டு தொடக்கம் விரிவுரை வீடியோக்களை யூடியூபிலிருந்து எடுத்து, பல்கலைக்கழக சேர்வருக்குள் பூட்டிவிட்டீர்கள். வீடியோவில் மாணவர் கேள்வி கேட்ட பகுதி வெளியே பரவியது பிழைதான். அதற்கான தண்டனை எங்களுக்கு ஏன், சேர்?

விடுதி இடம் முதலாம் வருடத்தோடு போனது. போர்டிங்குக்குக் காசில்லாததால் வகுப்பில்லாத நாட்களில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருப்பேன். அங்கே சிக்னல் கிடையாது. மலையேறித் தண்ணீர்த் தாங்கியடிக்குப் போனால்தான் இரண்டு கோடு விழும். போன ஞாயிறு தூறல். தம்பி குடை பிடிக்க, போனைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு விரிவுரையைத் திறந்தேன். நின்று நின்று ஓடி, 38ஆவது நிமிடத்தில் மறுபடி லொகின் கேட்டது. செய்தேன், முதலிலிருந்து தொடங்கியது. அதோடு டேட்டாவும் தீர்ந்தது. காலில் அட்டை ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்டேன். அந்த டேட்டா, அம்மா கொழுந்து பறித்த காசு.

யூடியூபில் தரத்தை 144pக்குக் குறைத்தால் படம் மங்கும், ஆனால் விரிவுரையாளரின் குரல் கேட்கும். எங்கள் சேர்வரில் இருப்பது ஒரே தரம், ஒரே பெரிய கோப்பு. தயவுசெய்து, நாங்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

யூடியூபில் 'பிரைவேட்' சரிவராது. ஒரு வீடியோவுக்கு 50 மின்னஞ்சல்தான் சேர்க்கலாம், நாங்கள் அதைவிட எவ்வளவோ பேர். 'அன்லிஸ்டட்' போட்டால் தேடலில் வராது, இணைப்பு வைத்திருப்பவர்தான் பார்க்கலாம். இணைப்பு கைமாறும் என்ற பயம் நியாயம்தான். மாணவர் பேசும் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். சேர்வர்தான் என்றால் சிறிய கோப்பு ஒன்றையும், ஒலியை மட்டும் தனியாகவும், இறக்கி வைத்துக்கொள்ள விடுங்கள்.

2020 கொரோனாவில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) வலையமைப்பினூடாக டேட்டாக் காசில்லாமல் படிக்க வழி செய்தார்களே. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று 'மலையகம் 200' கூட்டங்களை ஊரெங்கும் வைத்தார்கள். லயத்துப் பிள்ளை படிக்க வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. படிக்க வந்துவிட்டோம் சேர், பாடம்தான் வந்து சேரவில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கிறது. இதுவரை நடந்த விரிவுரைகளையாவது இந்த வாரத்துக்குள் நாங்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வருட மாணவி