பக்கிங்ஹாம் கால்வாய்க்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும்

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறைக்கு,

வணக்கம்.

உங்கள் அதிகாரிகள் யாராவது லண்டன் போனால், கிங்ஸ் கிராஸ் பக்கம் இருக்கும் கால்வாய் அருங்காட்சியகத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெரிய கட்டடம் இல்லை. கார்லோ கத்தி என்ற ஐஸ்கிரீம் வியாபாரி 1860களில் கட்டிய ஐஸ் கிடங்கு அது. நார்வேயிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளை ரீஜென்ட்ஸ் கால்வாய் வழியாகப் படகில் கொண்டுவந்து, தரைக்கடியில் கிணறு தோண்டிச் சேமித்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றை இன்றும் எட்டிப் பார்க்கலாம். இன்னொரு பக்கம் சரக்குப் படகின் அறை. கட்டில் பகலில் மடங்கிவிடுகிறது. அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஓர் எட்டு வைக்கத்தான் இடம். அதற்குள் பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

நம் ஊரிலும் ஐஸ் ஹவுஸ் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டிக்காக 1840களில் கட்டியது, இன்று விவேகானந்தர் இல்லமாகப் பிழைத்துக்கொண்டது. அதற்கு மேற்கே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கமாக 1806இல் வெட்டத் தொடங்கியது, பிறகு ஆந்திரத்தையும் சேர்த்து 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. விறகும் உப்பும் அதில்தான் பட்டணத்துக்கு வந்தன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தாது வருடப் பஞ்சத்தில், 1877-78இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. அதுவும் பஞ்சத்தைப் பார்வையிட வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் குறைத்த கணக்கு. கால்வாய்க்குப் பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது. இதையெல்லாம் எழுதி வைக்க நமக்கு ஒரு சுவர்கூடவா இல்லை?

கேட்பது அதிகமில்லை. ஒரு சரக்குப் படகு, பழைய வரைபடங்கள், பஞ்சகாலப் பதிவுகள். அப்புறம் படகு தள்ளியவர்கள், கரையில் கயிறு கட்டி இழுத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் கதைகள். முதலில் பதிவு செய்ய வேண்டியது இதைத்தான். படகுகள் காத்திருக்கும், எண்பதைத் தாண்டியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுக் கட்டிய பறக்கும் ரயில் நிலையங்களில் எத்தனை தளங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று ஊருக்கே தெரியும். திருமயிலை நிலையத்தில் ஒரு தளத்தைக் கேட்டு ரயில்வேக்கு ஒரு கடிதம் போடுங்கள். சன்னலைத் திறந்தால் கால்வாய் கீழேயே இருக்கிறது. நாற்றம் வரும்தான், அதற்கு வேறு துறைக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மயிலாப்பூர்வாசி ஒருவன்