11 கிலோமீட்டர்

மாப்ளே,

நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டத் தயாராக இருப்பாய். கொஞ்சம் பொறு, விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. கார் பார்த்திருக்கிறேன். பழைய டீசல், டர்போ வண்டி. வாத்தியார் வைத்திருந்தாரே, அதே மாடல், அதே அழுக்கு நீலம். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெயின்ட், சீட், டயர் எல்லாம் சுத்தம். மெதுவாக ஓட்டும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளில்லாத நேர் ரோடு வந்ததும் நீ சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை அடிவரை ஒரே மிதி. 2000 தாண்டும்போது முதுகு சீட்டில் ஒட்ட வேண்டாமா? மூட்டை ஏற்றிய லாரி மேடு ஏறுகிற மாதிரி முனகிக்கொண்டு போனது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று வரவில்லை. அந்தக் காற்றை இஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுவதுதானே டர்போவின் வேலை. பின்சீட்டிலிருந்து ஓனர், "இந்த மாடலே அப்படித்தான் சார், டர்போ கொஞ்சம் லேட்டாத்தான் பேசும்" என்றார். அது பேசவே இல்லையேடா!

ஓரங்கட்டி, நீ கேலி செய்வாயே, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டுகிற அந்தப் பொம்மை ஸ்கேனரை மாட்டினேன். பழுதைச் சொல்லும் கோடு (code) ஒன்றும் இல்லை, செக் லைட்டும் இல்லை. இஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது இஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம் பார்த்தேன்: 99 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆக சென்சார் பொய் சொல்லவில்லை. மறுபடி அதே ரோடு, அதே மிதி. உன் தங்கச்சி போனைப் பிடித்துக்கொண்டு எண்ணை வாசித்தாள்: 120, 135, 140. அங்கேயே நின்றுவிட்டது. வெளிக்காற்றைக் கழித்தால் டர்போ கூட்டிக் கொடுத்தது 41. பூஸ்ட் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்த மாதிரி டீசல் முழு மிதியில் 200 தாண்ட வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரே 220 கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து நின்றபோது பெண்டிங்கில், அதாவது இன்னும் உறுதியாகாத பழுதுகளின் பட்டியலில், P0299 என்ற கோடு வந்து உட்கார்ந்திருந்தது. கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்று வண்டியே எழுதிக்கொடுத்த புகார்.

இதுவரை எனக்குக் கோபம் இல்லை. பழைய வண்டி, ஏதாவது இருக்கத்தான் செய்யும். சும்மா இருக்காமல் அடுத்த பக்கத்தைத் தட்டினேன். கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்: 11 கிலோமீட்டர். பழைய பழுதுப் பதிவெல்லாம் அழிந்து அவ்வளவு தூரம்தான் ஆகிறது.

கேட்டேன். "போன வாரம் பேட்டரி மாத்தினேன் சார், அதான்" என்றார். நியாயமான பதில்தான், பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலே அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். பானட்டைத் திறந்தேன். பேட்டரி மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. டெர்மினலில் உப்புப் பூத்து நட்டே தெரியவில்லை. அந்த நட்டை ஒரு வருஷமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நான் பேட்டரியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

பானட்டைத் திறந்ததே திறந்தோம் என்று மற்றதையும் பார்த்தேன். ஏர் ஃபில்டர் பரவாயில்லை. உன் தங்கச்சியை ஸ்டார்ட் செய்யவும் அணைக்கவும் சொல்லி, டர்போவுக்குள் இருக்கும் இதழ்களை அசைக்கிற ஆக்சுவேட்டர் ராடையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேக்யூமில் இயங்குகிற வகை. ஸ்டார்ட் ஆனதும் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டியது, தூக்கத்தில் எழுந்த மாதிரி பாதி வந்து நின்றது. அப்புறம் கீழே, டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய் ஈரம், அதன்மேல் மண் அப்பியிருக்கிறது. ஹோஸுக்கு உள்ளே லேசான எண்ணெய் எல்லா வண்டியிலும் இருக்கும். வெளியே வந்தால் கூடவே காற்றும் வருகிறது என்றுதானே நீ சொல்வாய்?

இங்கேதான் என் தூக்கம் போகிறது. ஹோஸ் மட்டும் என்றால் சில்லறைச் செலவு. ராடு மந்தமாக இருப்பதற்கும் வெடித்த வேக்யூம் ட்யூப் காரணமாக இருக்கலாம், அதுவும் சில்லறைதான். ஆனால் உள்ளே வேன் (vane) என்கிற அந்த இதழ்கள் எல்லாம் கரி பிடித்து இறுகியிருந்தால் டர்போவையே கழற்ற வேண்டும். அதைவிட ஒன்று. ஹோஸில் ஓட்டையோடு எவ்வளவு நாள் ஓட்டினார்கள்? கசிகிற காற்றை ஈடுகட்ட டர்போ தன் அளவுக்கு மேல் சுற்றியிருக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றுகிற ஷாஃப்ட், அதற்கும் மேலே போனால் பேரிங் என்ன ஆகியிருக்கும்? வந்து கேட்டபோதே "ஹோஸ் போயிருக்கு சார்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். பழுதுக் கோடுகளை அழித்தவர் வேறு எதை அழித்தாரோ என்பதுதான் இப்போது உறுத்துகிறது. உன் தங்கச்சி ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றுவிட்டாள். எனக்கு அந்த நீலம் கண்ணிலேயே நிற்கிறது. வாத்தியார் வண்டியில் நாம் மூன்று பேரும் விடிய விடியப் போனது, அந்தப் பாலத்தில் நீ வாந்தி எடுத்தது... சரி, விடு.

ஓனரிடம் சனிக்கிழமை காலை மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது, பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். நீ வா. உன் வேக்யூம் கைப்பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் ராடு முழுசாக வருகிறதா, பிடித்து நிற்கிறதா என்று தெரிந்துவிடும். டர்போ வாய் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டையும் ஆட்டிப் பார். பக்கவாட்டில் இம்மி ஆடினால் மன்னிக்கலாம், முன்னும் பின்னும் ஆடினால் பேசாமல் கிளம்பிவிடலாம். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் வண்டியே வேண்டாம், சத்தியமாக.

வரும்போது என் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வா. உன்னிடம் இல்லை என்று இந்தத் தடவையும் சொல்லாதே.

உன்,
பொம்மை ஸ்கேனர்