செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஒரு போர்வையும் மற்ற விவகாரங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஸ்காட்லாந்தின் அபர்தீனில் நம் தமிழ்ச் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன வருட அறிக்கை நீளம் என்று சிலர் குறைப்பட்டதால் இந்த முறை சுருக்கமாக முடிக்கத்தான் உட்கார்ந்தேன். போர்வை வந்து கெடுத்துவிட்டது.

முதலில் வழக்கமானவை. ஆண்டு முடிவில் 64 குடும்பங்கள் உறுப்பினர்கள். சந்தா கட்டியவை 51. மீதிப் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது, அதில் இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. ஞாயிறு தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடந்தது. பொங்கல் விழாவில் மண்டபத்துக்குள் அடுப்பு கூடாது என்று சொல்லிவிட்டதால் கார் நிறுத்துமிடத்தில் பானை வைத்தோம். ஜனவரிக் காற்றில் அடுப்பு மூன்று முறை அணைந்தது. பால் பொங்கியது என்றே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். மண்டபத்து ஹீட்டர் நவம்பரில் பழுதாகி பிப்ரவரி கடைசியில்தான் சரிசெய்யப்பட்டது. நான்கு கடிதம் எழுதினேன், நகல்கள் கோப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இனி, புதன்கிழமைப் பின்னல் குழு.

சென்ற பொதுக்குழுவில், “விழா, சாப்பாடு, மறுபடி விழா. வேறு என்னதான் செய்கிறோம்?” என்று ஒரு கேள்வி எழுந்தது நினைவிருக்கும். அதற்குப் பதிலாகப் பிறந்தது இந்தக் குழு. பதினொரு பேர். குன்னூரில் வளர்ந்து, பள்ளி நாளிலேயே தம்பிமாருக்கு ஸ்வெட்டர் பின்னிய அக்கா ஒருவர்தான் குரு. யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர், மலையகத்தில் பிறந்த அக்கா ஒருவர், பொருளாளர், ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத நான் என்று மற்றவர்கள். முதல் மாதம் ஆளுக்கொரு மஃப்ளர் பின்னினோம். அப்புறம் குரு அக்காதான் கேட்டார்: “தினம் சாயங்காலம் நம்ம துறைமுகத்துலேர்ந்து வடக்கே ஷெட்லாண்டுத் தீவுகளுக்குக் கப்பல் போகுது. உலகத்துல பின்னல் தெரிஞ்சவங்க எல்லாம் அந்த ஊர் பேரைச் சொல்றாங்க. பக்கத்துல இருந்துக்கிட்டு நாம போய்ப் பார்த்தோமா?”

பார்க்கவில்லை. இருபது வருடமாக இங்கே இருப்பவர்கள்கூடப் போனதில்லை. செப்டம்பர் கடைசியில் அங்கே ‘வுல் வீக்’ என்று கம்பளி வாரம் கொண்டாடுகிறார்கள், 2010இலிருந்து நடக்கிறது. அதை ஒட்டி ஐந்து பேர் கிளம்பினோம். மாலை 7 மணிக்குக் கப்பல், காலை 7.30க்கு ஷெட்லாண்டின் துறைமுக ஊரான லெர்விக். செலவு அவரவர் கையிலிருந்து என்பதைக் கேள்வி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இரவு கடல் எங்களைக் கவனித்துக்கொண்ட விதம் அறிக்கையில் எழுதத் தக்கதல்ல.

லெர்விக் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய லேஸ் வேலையைப் பார்த்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஷெட்லாண்டின் வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு இந்த வேலைக்குப் பேர்போனது. ஆட்டின் கழுத்துப் பக்கத்து மென்மையான மயிரைக் கையால் நூற்று, சிலந்தி இழைபோல ஆக்கிப் பின்னுவார்கள். ஆளை மூடும் அகலச் சால்வை, கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். 1837இல் ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஷெட்லாண்டுக்காரர் இந்தத் தீவுகளில் பின்னிய காலுறைகளை விக்டோரியா ராணிக்குக் கொடுத்த பிறகு லண்டன் சீமாட்டிகளிடம் இதற்குக் கிராக்கி ஏறியது. இவர்தான் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். நம் பாட்டன் காலத்தில் சென்னைக்கும் கொழும்புக்கும் தபால் கொண்டுவந்த அதே பி அண்ட் ஓ. இதைக் கேட்டதும் அம்மம்மா, “அப்ப எங்கட ஆள்தான்” என்று முடிவு கட்டிவிட்டார்.

சீமாட்டிகள் கொடுத்த காசு பின்னிய கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. வியாபாரி சால்வையை வாங்கிக்கொண்டு தேயிலையும் துணியும் கொடுப்பார். அல்லது ஒரு சீட்டு கொடுப்பார், அது அவர் கடையில் மட்டும்தான் செல்லும். மாவு வாங்கக் காசு வேண்டுமென்றால் அந்தத் தேயிலையை வேறொருவரிடம் விற்க வேண்டும். 1872இல் அரசு விசாரணை ஆணையம் ஒன்று வந்து பெண்களை உட்காரவைத்துக் கேட்டு, சொன்னதை அறிக்கையாகப் பதிந்து வைத்திருக்கிறது. மலையகத்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, “தோட்டத்துல அரிசியைக் குடுத்து சம்பளத்துல பிடிச்ச கதைதான்” என்றார். அதன் பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியை நாங்கள் பார்த்த பார்வை கொஞ்சம் மாறிவிட்டது.

ஆனால் எங்கள் மனசு ஒட்டியது அந்த மோதிரச் சால்வையில் இல்லை. அது விற்கப் பின்னியது. வீட்டுக்கு என்று அவர்கள் பின்னிக்கொண்டது வேறு, அதன் பெயர் ‘ஹாப்’. ஸ்காட்லாந்துப் பேச்சில் போர்த்துவது என்று அர்த்தம். நடுவில் அலங்காரம் எதுவும் இல்லாத சதுரம், சுற்றிலும் அலை அலையாகப் பட்டை, ஓரத்தில் பல் பல்லாக லேஸ். மீன் சுத்தம் செய்யப் போகும்போதும், முதுகுக் கூடையில் எரிபொருளுக்குக் கரிமண் கட்டி சுமக்கும்போதும் பெண்கள் மூலைக்கு மூலை மடித்துத் தோளில் போட்டு, மார்பில் குறுக்கே கட்டிக்கொள்வார்கள். குழந்தையைச் சுற்றுவதும் இதில்தான். கரிமண் கூடை முதுகில் இருக்க, கை பின்னிக்கொண்டே நடந்திருக்கிறது. அதற்கென்று இடுப்பில் ஒரு தோல் பெல்ட். உள்ளே குதிரை மயிர் அடைத்து, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும். வலது ஊசியின் பின்முனையை ஓட்டையில் குத்திவிட்டால் ஊசி நிற்கும், விரல் ஓடும். ஊசிக்கு அங்கே ‘வயர்’ என்று பேர், பின்னலுக்கு ‘மாக்கின்’. பெல்ட்டைக் கட்டிக்காட்டிய பாட்டியின் விரல் ஓடிய வேகத்தை நான் வீடியோ எடுத்தேன். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தும் புரியவில்லை.

சாயம் போடாத நூல்தான் வாங்கினோம். ஷெட்லாண்டு ஆடு சின்னது, நிறமோ ஏராளம். ஒவ்வொரு நிறத்துக்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. செம்பழுப்பு ‘மூரிட்’, கறுத்த பனி படிந்ததுபோன்ற அடர்சாம்பல் ‘ஷேலா’. நம் ஊரில் மயிலைக் காளை, காரிக் காளை என்போமே, அப்படி. 25 கிராம் பந்துகளாக 12 பந்து. வெள்ளை, வெளிர்சாம்பல், மூரிட், ஷேலா.

ஊர் திரும்பி அக்டோபர் இரண்டாவது புதன் ஊசியில் ஏற்றினோம். 4 மில்லிமீட்டர் ஊசி, நடுச் சதுரம் 108 கண்ணி, அதாவது ஊசியில் 108 நூல் வளையம். 108 வந்தது தற்செயல். பட்டையின் அலைக்கு 18 கண்ணி ஒரு கட்டு, பக்கத்துக்கு ஆறு கட்டு, பெருக்கினால் 108. அம்மம்மா கணக்கையெல்லாம் கேட்கவில்லை. 108 என்றதும் ஊசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் வரிசையை அவரே போட்டார். சதுரம் 216 வரிசை, எல்லாம் ஒரே நேர்ப்பின்னல். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலை ஒரு சுற்று தளர்த்தி விட்டால் ஓரத்தில் காது காதாக நிற்கும், பக்கத்துக்கு 108 காது. பட்டை பின்னும்போது ஊசியை அந்தக் காதில் விட்டு எடுக்கலாம். இதை முன்கூட்டிச் சொல்லித் தராமல் இருந்திருந்தால் நாங்கள் தையல் போட்டு ஒட்டியிருப்போம்.

அலைப் பட்டையின் சூட்சுமம் நாலு வரிசையில் ஒரே ஒரு வரிசைதான். இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து மூன்று முறை குறைக்க வேண்டும். அப்புறம் நூலைச் சுற்றி ஒரு கண்ணி, சுற்றி ஒரு கண்ணி என்று ஆறு முறை. திரும்பவும் இரண்டிரண்டாக மூன்று. ஆறு குறைந்து ஆறு கூடும், ஆக 18 என்றைக்கும் 18தான். குறைந்த இடம் கீழே இழுக்கும், கூடிய இடம் மேலே புடைக்கும், தானாக அலை வந்துவிடும். மற்ற மூன்று வரிசையிலும் அரட்டை அடிக்கலாம். குழு செழித்ததற்குக் காரணம் அந்த மூன்று வரிசைதான் என்பது என் கருத்து.

இங்கேதான் நாங்கள் புத்திசாலித்தனம் காட்டப்போய் மாட்டிக்கொண்டோம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று நான்கு பக்கத்தையும் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தது செயலாளராகிய நான். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே கணக்கு. டிசம்பர் நடுவில் நான்கையும் மேசையில் விரித்தபோது பொருளாளர் பக்கம் மற்றதைவிட மூன்றரை அங்குலம் நீளம். மலையகத்து அக்காவின் பக்கம் அட்டைபோல விறைத்து நின்றது. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்று குரு அக்கா முதலிலேயே சொன்னதை அப்போதுதான் எல்லோரும் நினைவுகூர்ந்தோம். “கணக்குல மட்டும் இறுக்கிப் பிடிக்கிறீங்க, நூல்ல விட்டுடறீங்க” என்று பொருளாளரை யாரோ கேலி செய்ய, அவர் இரண்டு வாரம் வரவில்லை. இரண்டு பக்கத்தையும் பிரித்தோம். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. நீரில் நனைத்து, ஹேங்கரில் தொங்கவிட்டு நேராக்கி, குரு அக்காவே இரண்டு பக்கத்தையும் மறுபடி போட்டார். இதற்குப் பொறுப்பு என்னுடையது. பொருளாளர் திரும்பி வந்து, ஓரத்து லேஸில் மற்ற எல்லோரையும்விட அதிகம் உழைத்தார் என்பதையும் இங்கே பதிகிறேன்.

ஓரம்தானே என்று நினைத்தோம். மூலைகளில் கண்ணி கூட்டிக்கொண்டே வந்ததால், பட்டை முடிந்தபோது பக்கத்துக்கு 180 கண்ணி, மொத்தம் 720. ஓர லேஸைக் குறுக்காகப் பின்னிக்கொண்டே போய், இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் பட்டையோடு சேர்க்க வேண்டும். அதாவது 1,440 வரிசை. பன்னிரண்டு வரிசைக்கு ஒரு பல் என்று 120 பல். ஹீட்டர் இல்லாத மண்டபத்தில் பின்னப் பின்ன அதையே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நூல் தீர்ந்துபோய் வரவழைத்த கூடுதல் இரண்டு பந்தின் வெள்ளை, பழைய வெள்ளை இல்லை. சாயமில்லாத நூல், ஆடு வேறாக இருந்திருக்கும். அதனால் ஒரு மூலை சற்றே பால்நிறமாக இருக்கும். பற்களில் ஏழு என்னுடையவை. எந்த ஏழு என்று தேட வேண்டாம், பார்த்ததும் தெரியும்.

கடைசி வேலை விரித்துக் கட்டுவது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்தோம். ஊசியிலிருந்து இறங்கியபோது அது ஒரு கசங்கிய சாக்கு. நாலரை அடி. மலையகத்து அக்காவின் கணவர் நான்கு மரச்சட்டம் அறுத்து, பக்கத்துக்கு முப்பது முளை அடித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பல்லையும் ஒவ்வொரு முளையில் நூலால் இழுத்துக் கட்டினோம். சட்டத்தை வெளியே தள்ளத் தள்ள, அலைகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஷேலா, மூரிட், வெளிர்சாம்பல், வெள்ளை, மறுபடி அதே வரிசை திரும்பி. மறுநாள் அவிழ்த்தபோது ஐந்தேகால் அடி, நான்கு பக்கமும் ஒரே அளவு. எடை 350 கிராம்கூட இல்லை.

இனி என்ன செய்வது என்பதில் ஜனவரிக் கூட்டம் முழுவதும் போயிற்று. ஏலம் விடலாம் என்றார்கள். கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டலாம் என்றார்கள். சித்திரைத் திருநாளுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தலாம் என்ற யோசனைக்குப் பெரும்பான்மை இருந்தது. நானும் அந்தப் பக்கம்தான். நாம் ஆண்டுதோறும் பொன்னாடைக்கு என்ன செலவழிக்கிறோம் என்பதும், போர்த்திய பொன்னாடை அடுத்து எங்கே போகிறது என்பதும் உறுப்பினர்கள் அறிந்ததே. அதுவரை வாய் திறக்காத அம்மம்மா, “தம்பி, மேடையில போர்த்துறதுக்கோ உதைப் பின்னினனாங்கள்? குளிருக்கெல்லோ பின்னினது” என்றார். ஓட்டெடுப்பு வேண்டியிருக்கவில்லை.

எனவே தீர்மானம்: போர்வை சங்கத்தின் பொதுச் சொத்து. உறுப்பினர் வீட்டில் குழந்தை பிறந்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களிடம் இருக்கும். வெயில் காலத்தில் துவைத்துத் திரும்ப வர வேண்டும். வாஷிங் மெஷினில் போடக்கூடாது. மஃப்ளர் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், அது இப்போது டீ பாத்திரம் பிடிக்கும் துணியாக இருக்கிறது. துவைக்கும் முறையைத் தமிழில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒரு பதிவேடும் தொடங்கியிருக்கிறேன். அடுத்த ஆண்டு இரண்டாவது போர்வை வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது, நூலுக்கு நிதி ஒதுக்கும் தீர்மானம் பின்னால் வருகிறது. இம்முறை பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கப்போவதில்லை.

இன்று போர்வையைப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பிப்ரவரி இரண்டாம் வாரம் நம் உறுப்பினர் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, பதிவேட்டின் முதல் வரி அந்த வீடுதான். போன வாரம் அந்தத் தாய் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: பிள்ளை பால் கக்கி வெள்ளை மூலையில் கறையாகிவிட்டது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, மன்னிக்கவும் என்று. அம்மம்மாவிடம் போன் பண்ணிச் சொன்னேன். “எந்த மூலை?” என்று கேட்டார். பால்நிற மூலை என்றேன். “அப்ப தெரியாது, விடு” என்றார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்